பொதுப் புலத்தில் படித்தவன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் புலத்தில் படித்தவர்கள் தூணாகவோ படிக்கட்டாகவோ லிஃப்டாகவோ வேலைக்குப் போகிறார்கள். வணிகப் புலத்தில் படித்தவர்கள் தராசாகவும் கல்லாப்பெட்டியாகவும் ஆகிறார்கள். சட்டப் புலத்தில் படித்தால் பீரோ. மருத்துவப் புலத்தில் சீட் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்துவிட்டால் கட்டில் ஆகிவிடலாம், பிறகு கவலையே இல்லை.

நான் பொதுப் புலத்தில் படித்தேன். அதனால் இன்னும் மனிதனாகவே இருக்கிறேன்.

என் பெயர் சென்னியப்பன். பல்கலைக்கழகத்தில் வழிகாட்டி. சேர்க்கைக்கு வருகிற பெற்றோர்களை ஒவ்வொரு புலமாக அழைத்துப் போய்க் காட்டுவேன். இதெல்லாம் ஒரு வேலையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வேலை என்றால் ஒரு இடத்தில் நிலையாக இருக்க வேண்டும். நான் நடந்துகொண்டே இருக்கிறேன்.

பொதுப் புலம் தரைத்தளத்தில் பின்பக்கம் இருக்கிறது. அங்கே வந்ததும் நான் நடையை எட்டிப் போடுவேன். அப்படியும் சில பெற்றோர்கள் நின்று கேட்பார்கள்.

"இதுல படிச்சா என்ன ஆகலாமுங்க?"

"ஒண்ணும் ஆக முடியாதுங்க."

"ஒண்ணுமேங்களா?"

"அப்படியேதானுங்க இருப்பாங்க."

பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த புலத்துக்குப் போய்விடுவார்கள். பொதுப் புலத்துக்கு ஒரு பின்வாசல் உண்டு. அதைத் திறந்தால் தெரு. தெருவில் பஸ் போகும். அவ்வளவுதான்.

வருஷா வருஷம் நான் பதிவாளரிடம் போய், மனிதனாகத் தொடர்வதற்கு அனுமதி வாங்க வேண்டும். பதிவாளர் ஒரு பச்சை பீரோ. சட்டப் புலத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

"இன்னும் அப்படியேதானா?" என்று கேட்பார்.

"ஆமாங்கய்யா."

"முயற்சி ஏதாச்சும் பண்ணறியா?"

"பண்ணறேனுங்கய்யா."

"கதவச் சாத்தீட்டுப் போ."

அவருடைய கதவைச் சாத்திவிட்டு வருவேன். முயற்சி பண்ணுகிறேன் என்று சொன்னது பொய். நான் எந்த முயற்சியும் பண்ணவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மனிதனாக இருப்பது பிடித்திருந்தது. கொய்யாக்காயில் மிளகாய்ப்பொடி தடவித் தின்பது பிடித்திருந்தது. வருமா வராதா என்று மிரட்டிவிட்டு வருகிற தும்மல் பிடித்திருந்தது. மத்தியானம் தூங்கி எழுந்ததும் இது எந்த ஊர், என்ன கிழமை என்று ஒன்றும் தெரியாமல் கொஞ்ச நேரம் கிடப்பேனே, அது ரொம்பவே பிடித்திருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுற்றிலும் தூண்கள் நிற்கும்போது எப்படிச் சொல்வது? கொய்யாக்காயைக்கூட முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் தின்பேன். படிகளில் ஓரமாகக் கால் வைத்து ஏறுவேன். எல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். அலுவலகத்தில் என் நாற்காலி, எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் மூத்த மகன். அவன்மேல் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பின்னால் நின்று அவன் முதுகில் கை மட்டும் வைத்துக்கொள்வேன்.

என் அக்கா நவமணியின் வீடு பவானிப் பக்கம். மச்சான் நாச்சிமுத்து தறி வைத்து ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே மகள், வாணி. வாணிக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. தறிப் பட்டறையில் நூல் மூட்டைகளைத் தாண்டித் தாண்டி ஓடுவாள். போன் பேசினால் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவாள். பேச்சு முடிகிறபோது எந்தத் திசையில் நிற்கிறாளோ அந்த வாசல் வழியாக உள்ளே வருவாள்.

அவள் பிளஸ் டூ பாஸ் பண்ணிய அன்று அக்கா பாயசம் வைத்திருந்தாள். சொந்தம் மொத்தமும் வந்திருந்தது. எங்கள் சொந்தத்தில் எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஏதாவது ஒன்றாக ஆகியிருந்தது. மச்சானின் அண்ணன் குப்பண்ணனுடைய மகன் ஒரு மேம்பாலத்தில் தூணாக இருக்கிறான். பாலத்தையே அவன்தான் தாங்குகிறான் என்று குப்பண்ணன் சொல்வார். மற்ற தூண்களின் அப்பாக்களும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஒரு உத்திரத்தைப் பேசி முடித்திருந்தார்கள். ஜாதகம் பார்த்ததில் பாரம் நன்றாகப் பொருந்தியிருந்தது.

"புள்ளைய எதுல சேத்தறதுன்னு மாப்ள சொல்லட்டும்," என்றார் மச்சான். "யூனிவர்சிட்டியிலயே இருக்கறவருங்க. அவருக்குத் தெரியாததுங்களா?"

"தெரியும். அவராட்டம் ஆயிராம பாத்துக்கோணும், அவ்வளவுதான்," என்றார் குப்பண்ணன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கறையில்தான் சொன்னார்.

வாணி வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு பொதுப் புலந்தானுங்க புடிச்சிருக்குது," என்றாள்.

தறி நின்றது. அதை யாரும் நிறுத்தவில்லை.

"அதுல ஒண்ணுமே ஆக முடியாது கண்ணு," என்றாள் அக்கா.

"மாமா இருக்காங்கல்ல?"

"அதத்தாஞ் சொல்றோம்," என்றார் மச்சான்.

வாணி என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க சொல்லுங்க. மனுசியாவே இருந்தா நல்லா இருக்குமுங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காக அவள் அப்படிக் குனிந்து பழகியிருந்தாள். நல்லா இருக்கும் என்று சொன்னால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். தானும் உருப்படவில்லை, பிள்ளையையும் கெடுக்கிறான் என்பார்கள். கையில் பாயச டம்ளர் இருந்தது. பாயசம் அருமையாக இருந்தது. ஒரு முந்திரி வாய்க்குள் வந்திருந்தது. அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டேன்.

"கஷ்டம் கண்ணு," என்றேன்.

"நெசமாங்களா?"

"நெசம். வேற வழியில்லாமத்தான் இருக்கறேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூக்கியிருந்த காலைக் கீழே வைத்தாள்.

"செரிங்க மாமா. அப்ப கட்டுமானமே எடுத்துக்கறேன்."

குப்பண்ணன் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தறி மறுபடியும் ஓடியது. நான் முந்திரியை மென்று விழுங்கினேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பு என்பது ஒரு தாழ்வாரம். இந்த முனையில் நுழைந்து அந்த முனைக்கு நடந்தால் படிப்பு முடிந்துவிடும். சிலருக்குத் தாழ்வாரம் நீளும். அவர்களுக்கு அரியர் இருக்கிறது என்று அர்த்தம். அந்த முனையில் கம்பெனி அதிகாரிகள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டுமானப் புலம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஆனால் அதன் ஜன்னல்கள் தரையோடு இருந்தன. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாணி உள்ளே நடக்க நடக்க, அக்கா வெளியே மண்ணில் நடந்து, ஒவ்வொரு ஜன்னலிலும் டிபன் டப்பாவை நீட்டினாள். நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அக்கா பின்னால் நடந்தேன். மச்சான் வேப்ப மரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஜன்னலில் வாணி சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். உள்ளே ஒரு பையன் மதிலாகப் போவதற்கு மண் தின்று பழகுகிறான் என்று சொல்லிச் சிரித்தாள். அடுத்த ஜன்னலில் கண்ணாடி போட்டிருந்தாள். அதற்கடுத்த ஜன்னலில் நிற்கும் பயிற்சிக்குப் போவதாகச் சொன்னாள். ஈரோட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிக்கொடுக்கிறார்களாம். எறும்பு ஏறினாலும் அசையக் கூடாது, யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

"கஷ்டமா இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள் அக்கா.

"பழகிருச்சுங்கம்மா."

அந்த ஜன்னலில் நான் பாட்டிலை நீட்டினேன். வாணி அதை வாங்கும்போது எங்கள் கைகள் பட்டன. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு வரிதான். ஜன்னலுக்குக் கம்பிகூடக் கிடையாது. கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கலாம்.

"மூடிய நல்லா திருகி மூடு," என்றேன்.

கடைசி ஜன்னலில் அவள் பேசாமல் சாப்பிட்டாள். மெல்லும்போது தாடை மட்டும் அசைந்தது.

அந்த முனையில் இருந்த அதிகாரி கழுத்தில் இன்ச் டேப் போட்டிருந்தார். வாணியை அளந்தார். பிறகு அவளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"கூப்பிடுங்க," என்றார்.

"வாணி," என்று கூப்பிட்டார் மச்சான். அவள் திரும்பவில்லை.

"கண்ணு, வாணிக் கண்ணு," என்று கூப்பிட்டாள் அக்கா. அவள் திரும்பவில்லை. அக்காவுக்குப் பெருமையில் கண்கள் கலங்கின.

"இவர் யாரு?"

"தாய்மாமனுங்க," என்றார் மச்சான்.

"அவரும் கூப்பிடட்டும்."

நான் கூப்பிட்டேன். வாணியின் காது சிவந்தது. கழுத்தில் ஒரு நரம்பு லேசாக இழுத்தது. அதிகாரி அப்போது டீயில் விழுந்த எறும்பை எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் பார்க்கவில்லை. பார்த்தது நான் மட்டும்தான். அசைந்துவிட்டாள் என்று சொல்லியிருந்தால் அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நான் டீயைப் பார்த்தேன்.

"லிஃப்ட்," என்றார் அதிகாரி. "வாழ்த்துகள்."

யாருக்குமே அமையாத யோகம், வாணிக்கு எங்கள் பல்கலைக்கழகக் கட்டடத்திலேயே போஸ்டிங் கிடைத்தது. மாமன் கண் முன்னாலேயே பிள்ளைக்கு வேலை என்று மச்சான் ஊரெல்லாம் சொல்லி மைசூர்பாகு கொடுத்தார். வேலைக்குச் சேர்கிற அன்று வாணி எல்லோர் காலிலும் விழுந்து கும்பிட்டாள். என் காலிலும் விழுந்தாள்.

"போயிட்டு வரேனுங்க மாமா," என்றாள்.

"போயிட்டு வா," என்றேன்.

லிஃப்டுக்கு என்று விட்டிருந்த இடத்துக்குள் போனாள். கதவு மூடியது. அதன் பிறகு அவள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டு வந்துகொண்டிருந்தாள்.

நல்ல லிஃப்ட் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆட்டமில்லை, சத்தமில்லை. "முதல் தளம். வணிகப் புலம். கதவு திறக்கிறது," என்று அவள் குரலிலேயே சொல்லும். எழுத்துத் தமிழில் சொல்லும். பேசுகிற பிள்ளைக்குப் பேசுகிற வேலையே கிடைத்திருக்கிறது என்றாள் அக்கா.

ஆயுத பூஜைக்கு அக்காவும் மச்சானும் வந்தார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலிருந்தும் வருவார்கள். பதிவாளருக்கு அவருடைய அம்மா விபூதிப் பட்டை போட்டுவிட்டுப் போனார். அக்கா வாணியின் கதவைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினாள். பொரி கடலையை ஒரு தாளில் வைத்து உள்ளே மூலையில் வைத்தாள். பிறகு உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போய் வந்துகொண்டேயிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கைப்பிடி சூடா இருக்குது தம்பி."

"மோட்டார் சூடா இருக்கும்க்கா."

"காய்ச்சலா இருக்காதல்ல?"

"இருக்காது."

"நீ இங்கயே இருக்கறயே, அதாம்பா எனக்கு நிம்மதி," என்றாள்.

நான் அதுவரை வாணிக்குள் ஒருமுறைகூட ஏறியிருக்கவில்லை. படிக்கட்டில்தான் போவேன். பெற்றோர்களையும் மூச்சு வாங்க வாங்கப் படிக்கட்டிலேயே அழைத்துப் போவேன். லிஃப்ட் இருக்கிறதே என்று கேட்டால் ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். அவளுடைய காதில் விழுமே என்று மெதுவாகச் சொல்வேன்.

இந்த வருஷம் சேர்க்கை தொடங்கியதும் பதிவாளர் கூப்பிட்டனுப்பினார். போய்க் கதவைத் திறந்தேன்.

"படி தேயுதாம். புகார் வந்திருக்கு," என்றார்.

"ஓரமாத்தானுங்கய்யா மிதிக்கறேன்."

"ஓரந்தான் தேயுது. இனி லிஃப்ட்லதான் போகோணும்."

"ஐயா, அது..."

"கதவு."

சாத்தினேன்.

அன்று முதலில் வந்தவர்கள் ஒரு அப்பாவும் மகளும். பெருந்துறைப் பக்கம் மஞ்சள் விவசாயம் என்றார் அப்பா. மகள் புதுச் செருப்பு போட்டிருந்தாள். அது கடித்ததால் ஒரு செருப்பைக் கையில் வைத்திருந்தாள். லிஃப்டின் பொத்தானை அவளே அழுத்தினாள். எனக்கு அழுத்தக் கை வரவில்லை.

"கதவு திறக்கிறது," என்றது வாணியின் குரல்.

உள்ளே போனோம். சுத்தமாக இருந்தது. அக்கா வைத்த பொரி கடலை மூலையில் அப்படியே இருந்தது. நான் சுவரில் படாமல் நடுவில் நின்றேன். கால் கூசியது.

"என்ற புள்ளைக்கு நல்ல புலமாப் பாத்துச் சொல்லுங்க," என்றார் அப்பா. "எனக்குப் படிப்பு வாசனை கெடையாதுங்க. நீங்க சொல்றதுதான் வேத வாக்கு."

"கட்டுமானம் பார்க்கலாமுங்க," என்றேன். வாய் பழகிவிட்டது.

மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க எதுல படிச்சீங்க?"

"பொதுப் புலம்."

"அதனாலதான் இப்படி இருக்கீங்களா?"

"அம்மணி, பெரியவங்ககிட்ட அப்படியெல்லாம் கேக்கப்படாது," என்றார் அப்பா. அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது.

"இல்லீங்கப்பா, எனக்கு அதத்தான் கேக்கோணும்," என்றாள் அவள். "இப்படி இருக்கறது எப்படிங்க இருக்குது?"

லிஃப்ட் போய்க்கொண்டிருந்தது. முதல் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவில் இருந்தோம். அறிவிப்புக் குரல் வருகிற சின்னத் துளைகள் என் காதுக்கு நேராக இருந்தன. லிஃப்டின் சத்தம் குறைந்தது மாதிரி எனக்குப் பட்டது.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்தப் பிள்ளைக்குச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கும் கேட்குமே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. மாமா சொன்னது நிஜம், மனிதர்களாக இருப்பவர்கள் கஷ்டப்படுகிறார்கள், நாம் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டுதானே அவள் மேலும் கீழும் போய் வருகிறாள்? அந்த நினைப்பையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது? திரும்பி வரவும் முடியாது. லிஃப்டாக ஆன யாரும் திரும்பி ஆளாக வந்ததில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியும் போலிருந்தது. நான் சொந்தப் பிள்ளையைக் காப்பாற்றினேன்.

"கஷ்டம் அம்மணி," என்றேன். "வேற வழியில்லாம இருக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள். கையில் இருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள்.

"மூன்றாம் தளம். கட்டுமானப் புலம். கதவு திறக்கிறது."

அப்பாவும் மகளும் இறங்கினார்கள். அப்பா எனக்குக் கும்பிடு போட்டார். நான் இறங்கவில்லை. கதவு மூடுவதற்காகக் காத்திருந்தேன். மூடவில்லை.

"மாமா," என்றாள் வாணி.

எழுத்துத் தமிழில் இல்லை. அவளுடைய பேச்சில்.

"கண்ணு?"

"எதுக்குங்க மாமா அந்தப் புள்ளகிட்டயும் பொய் சொல்றீங்க?"

நான் அந்தத் துளைகளைப் பார்த்தேன்.

"பொய்யில்ல கண்ணு," என்றேன்.

"அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க. பாயசத்த அத்தன ருசிச்சுக் குடிச்சிட்டு கஷ்டம்னு சொன்னீங்க."

"தெரிஞ்சுமா போன?"

"அத்தன பேரு முன்னால சொல்லிப்போட்டீங்க. இல்ல, நீங்க பொய் சொல்றீங்கன்னு நானும் சொன்னா உங்களுக்கு என்னங்க மரியாத இருக்கும்? ஏற்கெனவே உங்கள ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நானும் விட்டுக்குடுக்கோணுமா?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா சொன்னது சரி. சூடாகத்தான் இருந்தது. அது மோட்டார் சூடு இல்லை. எனக்கு அழுகை வந்தது. அவளுக்குள்ளேயே நின்று அழுவது நியாயமாகப் படவில்லை. அதனால் அடக்கிக்கொண்டேன்.

"வாணி, நான்..."

"அந்தப் புள்ள போயிருமுங்க மாமா," என்றாள். "கதவு மூடுகிறது."

வெளியே குதித்து ஓடினேன்.

தாழ்வாரம் நான் பார்த்ததைவிட நீளமாக இருந்தது. அப்பாவும் மகளும் தூரத்தில் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன். அவர்கள் நடந்தார்கள். தூரம் குறையவில்லை. இரண்டு பக்கமும் பிள்ளைகள் சுவரைப் பார்த்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முதுகில் எறும்பு ஊர்ந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே ஓடினேன். அவன் கோபமாக உறுமினான்.

முதலாம் ஆண்டைத் தாண்டும்போது மூச்சு வாங்கியது. அதற்கடுத்த ஆண்டில் முழங்கால் வலி வந்தது. பிறகு சட்டைக் காலர் நைந்துபோனது. மீசையைத் தொட்டுப் பார்த்தேன், முள் மாதிரி இருந்தது, நரைத்திருக்க வேண்டும். ஜன்னல்களில் யார் யாரோ அம்மாக்கள் டிபன் டப்பா நீட்டினார்கள். தன் பிள்ளை என்று நினைத்து ஒரு அம்மா என் கையில் இட்லியைத் திணித்தாள். அதையும் தின்றுகொண்டே ஓடினேன். நன்றாக இருந்தது. அப்போதும் அது நன்றாகத்தான் இருந்தது.

அந்த முனைக்கு நான் போய்ச் சேரும்போது இண்டர்வியூ தொடங்கியிருந்தது. பெண்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே ஜடை. அவர்களுடைய அப்பாக்கள் எதிர்ச் சுவரோரம் மூச்சுவிடாமல் நின்றார்கள். அதே அதிகாரி இன்ச் டேப்போடு நடந்துகொண்டிருந்தார்.

மஞ்சள் விவசாயியின் மகள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. வளர்ந்திருப்பாள். பெயரும் தெரியாது. நான் அவள் பெயரைக் கேட்கவே இல்லை. வழி காட்டுகிற அவசரத்தில் யாருடைய பெயரையும் நான் கேட்டதில்லை.

"அம்மணி!" என்று கத்தினேன்.

வரிசையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் பெண் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நல்லா இருக்குது அம்மணி!" என்று கத்தினேன். "நான் சொன்னது பொய்யி! மனுசனா இருக்கறது நல்லாத்தான் இருக்குது! ரொம்ப நல்லா இருக்குது!"

திரும்பியவர்களை ஒவ்வொருவராகத் தோளில் தொட்டு, "நீ போகலாம்," என்றார் அதிகாரி. அவர்கள் ஜடையை முன்னால் போட்டுக்கொண்டும் மூக்கைச் சொறிந்துகொண்டும் வரிசையிலிருந்து கலைந்தார்கள். அப்பாக்கள் என்மேல் பாய்ந்தார்கள்.

"எங்கிருந்துய்யா வந்த? எம்புள்ள மனுசியாப் போயிட்டாளே!"

"வட்டிக்கு வாங்கிப் படிக்கவெச்சேன். நீ நாசமாப் போக!"

ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். ஒருவர் செருப்பைக் கழற்றினார். அடி வாங்கிக்கொண்டே வரிசையைப் பார்த்தேன். ஒருத்தி மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். தலைமுடிகூட அசையவில்லை.

"அம்மணி, திரும்பு," என்றேன். "தயவுசெஞ்சு திரும்பு சாமி."

அவள் காது சிவக்குமா, கழுத்து நரம்பு இழுக்குமா என்று பார்த்தேன். இந்த முறை கட்டாயம் சொல்லிவிடுவேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை அவள் அவ்வளவு நன்றாகப் படித்திருந்தாள்.

அதிகாரி அவளைச் சுற்றி வந்து பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "தேர்வு," என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஞ்சள் விவசாயி ஓடி வந்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. என்னை அடித்துக்கொண்டிருந்தவர்களைத் தள்ளிவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"உங்க வாய் முகூர்த்தமுங்க," என்றார்.